காதுக்குப் பின்னால்

கஜீபன் குடித்திருக்கிறான் என்றுதான் உதயகலா நினைத்தாள். முதல்நாள் பின்னேரம் சிநேகிதனின் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போய் வந்தவன், விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போகையில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். தேசிமரத்தடியில் குந்தியிருந்து சத்தி எடுத்தான்.

"இஞ்சாருங்கோ, என்ன இது?"

"எல்லாம் ரண்டு ரண்டாத் தெரியுது, கலா." அவன் நாக்குக் குழறியது.

கலியாணமாகி மூன்று மாதம்தான். உதயகலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கரவெட்டியில் இருந்த தகப்பன் இராசநாயகத்துக்குப் போன் எடுத்தாள்.

"குடிச்சுப்போட்டு வந்து தள்ளாடுறார் அப்பா. சத்தியும் எடுக்கிறார்."

"அவன் குடிக்கிறவன் இல்லை." இராசநாயகத்தின் குரல் சட்டென்று மாறியது. "தலையிடிக்குதாமோ? நிக்காதை பிள்ளை, ஒரு ஓட்டோவைப் பிடிச்சு உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. நானும் வாறன்."

ஓட்டோவுக்குள் கஜீபன் தலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தான். கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்குள் கண்ணைத் திறக்கவே மாட்டாமல் சோர்ந்துபோனான். வாயில் சாராய மணம் இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

ஸ்கான் எடுத்து முடிய, டொக்டர் அம்மா அவளைக் கூப்பிட்டார்.

"இவருக்குக் குழாய் வைச்சு எத்தினை வருசம்?"

"என்ன குழாய்?"

டொக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கட்டிலடிக்குக் கூட்டிப்போய், கஜீபனின் வலது காதுக்குப் பின்னால் அடர்ந்திருந்த முடியை விலக்கிக் காட்டினார். தோலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. அதிலிருந்து கயிறு போல ஒன்று, தொட்டால்தான் தெரிகிற மாதிரி, கழுத்து வழியே இறங்கியது.

"எல்லாற்றை மூளையைச் சுத்தியும் ஒரு நீர் ஓடுது. சுரக்கிற அளவுக்கு அது வடியவும் வேணும். இவருக்குச் சின்னனிலையே அது வடியேல்லை. அதுதான் குழாய் வைச்சு வயித்துக்குள்ளை இறக்கியிருக்கினம். இப்ப குழாய் அடைபட்டுத் தலைக்குள்ளை அமுக்கம் ஏறீட்டுது. இன்னும் பிந்தியிருந்தால் கண் போயிருக்கும். ஆளும் தப்பியிரார்."

"இனி என்ன செய்யிறது?"

"உடனை ஒப்பிரேசன் செய்து குழாயை மாத்தவேணும். மாத்தினால் முந்தின மாதிரி இருப்பார். ஆனால் வீட்டிலை இருக்கிற நீங்கள் இதைத் தெரிஞ்சிருக்க வேணும், பிள்ளை."

அவனைத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். உதயகலா வெளியே கிடந்த மரவாங்கில் வந்து இருந்தாள்.

அவன் வயிற்றில் இருந்த தழும்பு நினைவுக்கு வந்தது. ஒருமுறை அவள் அதைத் தடவியபோது, கஜீபன் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உம்மைப் போல மனசு ஆருக்கு வரும்?" என்றான். குடல்வால் வெட்டின தழும்பாக்கும் என்று அவளும் கேட்காமல் விட்டாள். இப்போது நினைக்க, அந்தக் கொஞ்சலும் நடிப்பாகவே பட்டது.

முப்பத்திமூன்று வயதில் நடந்த கலியாணம் அது. முதலில் பேசி வந்த பாரிஸ் மாப்பிள்ளைக்கு அங்கே பெண்சாதி பிள்ளை இருந்தது நாள் வைத்த பிறகுதான் தெரிந்தது. அதன்பின் அவள் தகப்பனிடம் கேட்டது ஒன்றைத்தான். "என்ன குறையெண்டாலும் எனக்குப் பரவாயில்லை அப்பா. ஒளிக்காமல் சொல்லிப்போட்டுச் செய்யட்டும்." கஜீபனைப் பேசியபோது அவர் சொன்னார், "எல்லாம் தீர விசாரிச்சிட்டன் பிள்ளை. நீ யோசியாதை."

இராசநாயகம் பஸ்ஸால் இறங்கி அரக்கப்பரக்க வந்தார். தகப்பனைக் கண்டதும் அவளுக்கு அழுகை உடைந்துவிட்டது.

"எங்களை ஏமாத்திப்போட்டார் அப்பா. இவ்வளவையும் தலைக்குள்ளை வைச்சுக்கொண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "நடந்தது நடந்துபோச்சு. அவனிட்டை ஒண்டும் கேளாதை. வருத்தக்காரன்."

"கேட்காமல் விடமாட்டன். கேட்டுப்போட்டு உங்களோடை கரவெட்டிக்கு வாறன். பொய்யனோடை எனக்கென்ன சீவியம்?"

அவர் ஒப்பிரேசன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தநாள் அவர்களை வாட்டுக்குள் விட்டபோது கஜீபன் தலையில் கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தான். முகத்தில் தெளிவு வந்திருந்தது. அவளைக் கண்டதும் கையை நீட்டினான்.

"வாரும் கலா. பயந்துபோனீரோ?"

அவள் கையைக் கொடுக்கவில்லை. இராசநாயகம் பின்னால் நின்று அவள் தோளைத் தொட்டார். "வா பிள்ளை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம். அவன் கொஞ்சம் படுக்கட்டும்."

அவள் தோளை உதறினாள்.

"ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள்? சொல்லியிருந்தால் நான் என்ன மாட்டன் எண்டோ சொல்லியிருப்பன்? உங்களை நம்பித்தானே கழுத்தை நீட்டினனான்."

கஜீபன் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தான். அவன் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவன் பார்வை மெல்ல அவளைக் கடந்து பின்னால் போனது.

"மாமா, கலாவுக்கு எல்லாம் சொல்லி, அவவும் ஓமெண்டிட்டா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"