எல்லாம் ஒரிஜினல்

லிங்கராஜபுரத்தில் ஸ்ரீகண்டனின் பழைய கார் கடைக்குள் நுழைந்தவர்கள் 'ஒரிஜினல்' என்ற வார்த்தையைக் கேட்காமல் வெளியே வந்ததில்லை. பெயின்ட் ஒரிஜினல், சீட் ஒரிஜினல், ஓடிய கிலோமீட்டர் ஒரிஜினல். பெங்களூர் கார் தரகர்களிலேயே தான் ஒருவன்தான் ஒரிஜினல் என்பது அவருடைய தாழ்மையான எண்ணம்.

அப்பேர்ப்பட்டவரின் தூக்கத்தை மூன்று மாதமாகக் கெடுத்துக்கொண்டிருந்தது, கடை மூலையில் நின்ற அந்த வெள்ளை எஸ்.யூ.வி. வண்டி. ஜீப்பைத் துவைத்துக் காயப்போட்டதில் சுருங்கிவிட்ட மாதிரி இருக்கும். 'குடும்பத்துக்கு ஏற்ற வண்டி' என்று விளம்பரம் செய்து விற்ற மாடல். வாஸ்தவம்தான், தள்ளுவதற்கே ஒரு குடும்பம் வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆகாது. மேம்பாலம் ஏறினால் கொதிக்கும். கிளட்ச் வருஷத்துக்கு ஒன்று கேட்கும். போன வாரம் டெஸ்ட் டிரைவ் எடுத்துப் போன ஐ.டி. பையன்கள் இருவர் ஆட்டோவில் திரும்பி வந்தார்கள்.

ஆயுத பூஜைக்குள் இதை யார் தலையிலாவது கட்டியே ஆகவேண்டும். கடையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் தனக்கு ஆபத்து என்று ஸ்ரீகண்டனுக்குத் தெரியும்.

அன்று காக்ஸ் டவுனிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஓஸ்வால்ட், கணக்கு வாத்தியார். மனைவி ஜோசஃபின், கையில் குடையும் விரலில் ஜெபமாலை மோதிரமும். கூடவே, காக்கி பேன்ட்டும் கட்டம் போட்ட சட்டையுமாக ஒரு ஆள்.

காக்கியைப் பார்த்ததுமே ஸ்ரீகண்டன் புரிந்துகொண்டார். மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார்கள். உடனே அந்த ஆளுக்கு ஸ்பெஷல் டீயும் இரண்டு பன்னும் சொன்னார். வாயில் பன் இருக்கிற வரைக்கும் மெக்கானிக்கின் தலை பானெட்டுக்குள் போகாது என்பது தொழிலின் பாலபாடம்.

"டாக்டர் ஓட்டின வண்டி சார். ஒரே ஓனர். ஆஸ்பத்திரி விட்டா வீடு, வீடு விட்டா ஆஸ்பத்திரி. எல்லாம் ஒரிஜினல்."

"காலைல ஸ்டார்ட்டிங் ட்ரபிள் இருக்குமா?" என்றார் ஓஸ்வால்ட்.

"சாவியைக் காட்டினாலே போதும் சார், ஸ்டார்ட் ஆயிடும்." அவர்கள் வருவதற்கு முன்பே என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தது வேறு விஷயம்.

"மேம்பாலத்துல ஹீட் ஆகுமா?"

"சிவாஜிநகர் டிராஃபிக்ல மத்தியான வெயில்ல நின்னாக்கூட ஐஸ் மாதிரி இருக்கும் சார்."

ஓஸ்வால்டின் முகம் வாடிவிட்டது. "அப்ப இது இல்ல ஜோசி. வா, போலாம்."

ஸ்ரீகண்டன் ஆடிப்போனார். குறை இருக்கிறதென்று ஓடிய கிராக்கிகளைப் பார்த்திருக்கிறார். குறை இல்லையென்று கிளம்புகிற கிராக்கியை இப்போதுதான் பார்க்கிறார். பிறகு சட்டென்று பிடிபட்டது. குறையைச் சொல்லி விலையை அடிக்கப் பார்க்கிறார் வாத்தியார்! ஒன்றுமே கிடைக்காவிட்டால் பாவம், எதை வைத்துப் பேரம் பேசுவார்?

"சார், சார், நில்லுங்க! உங்களாண்ட எதுக்கு மறைக்கணும்? காலைல கொஞ்சம் அடம் பிடிக்கும்."

ஓஸ்வால்ட் திரும்பினார். "கொஞ்சமா?"

"தள்ளணும் சார்."

வாத்தியார் முகத்தில் சிரிப்பு வந்தது. ஸ்ரீகண்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கொதிப்பதைச் சொன்னார். கிளட்ச்சைச் சொன்னார். பின்பக்கக் கதவில் மழைத்தண்ணீர் இறங்குவதைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் வாத்தியார், சரியான விடை சொன்ன பையனைப் பார்ப்பதுபோலத் தலையாட்டினார். ஒரே நாளில் இவ்வளவு உண்மை பேசி ஸ்ரீகண்டனுக்குப் பழக்கமில்லை. நாக்கு உலர்ந்துவிட்டது. மெக்கானிக்கோ இரண்டாவது பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார், அதுவரை வாய் திறக்காத ஜோசஃபின்.

"இன்னொண்ணு இருக்கு மேடம். அது தமாஷு. லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா வைப்பர் ஓடும்." அவரே உள்ளே உட்கார்ந்து போட்டும் காட்டினார். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டுக்கொண்டே ஆடியது.

ஜோசஃபின் சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"பயப்படாதீங்க மேடம். இந்த மாடல் எல்லாத்துலயும் இருக்கிற கம்ப்ளெயின்ட்தான்."

"ஸ்டார்ட்டிங்கு, ஹீட்டு, கிளட்ச்சு, இதெல்லாம் எல்லா வண்டிலயும் இருக்குங்க. ஆனா இந்த வைப்பர் ஒரே ஒரு வண்டிலதான். வாங்கின அன்னிக்கு ஃபாதர் மந்திரிச்சது பத்தாதுன்னு, வேளாங்கண்ணித் தீர்த்தம் ஒரு பாட்டிலை அப்படியே ஸ்டீயரிங் மேல கவுத்தது நான்தான். அன்னிலேர்ந்து லெஃப்ட்டுன்னா வைப்பர். எங்க பச்சை வண்டி காணாமப்போய் நாலு மாசம் ஆச்சு. போன வாரம் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன், சுள்ளுனு வெயிலு. ஒரு வெள்ளை வண்டி வைப்பரை ஆட்டிக்கிட்டே உங்க தெருவுல திரும்புது. நாங்க அதைத் திட்டாத நாளில்ல. ஆனாலும் எங்க வண்டிங்க அது."

ஸ்ரீகண்டன் உதவிக்கு ஆள் தேடுவதுபோல மெக்கானிக்கைப் பார்த்தார்.

மெக்கானிக் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "நடீரி, ஸ்டேஷனுக்கு" என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொல்லி, ஸ்ரீகண்டனின் தோளில் கை போட்டார்.

நிறம், நம்பர் பிளேட், என்ஜின் எண், ஆர்.சி. புத்தகம் என்று ஸ்ரீகண்டன் பார்த்துப் பார்த்து மாற்றிய அந்த வண்டியில், ஒரிஜினலாக மிச்சமிருந்தது ரிப்பேர் மட்டும்தான்.