கொல்லிமலை பாக்கி

வீட்டில் இருந்தவர்கள்: இதய அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதமான தங்கமுத்து, அவர் மனைவி செண்பகவல்லி, தங்கமுத்துவின் நெஞ்சில் ஆஸ்பத்திரி ஒட்டியிருந்த கண்காணிப்பு டப்பாவைக் கழற்ற வந்த நர்ஸ் ஜெபராஜ்.

டப்பா இருக்கும்வரை நோயாளி வீட்டில் முடங்கக் கூடாது. வீட்டுப் பூட்டும் அதன் கட்டுப்பாட்டில்தான்: காலை ஒன்பதுக்கு அது கதவைத் திறந்து கணவன் மனைவியை வெளியே அனுப்பும். பிறகு மாலை ஆறுவரை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க முடியாதபடி வீட்டைப் பூட்டிவிடும். ஊர்சுற்ற ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கு வரும்.

முப்பத்தெட்டு வருடம் சேலம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த தங்கமுத்து, மனைவியை ஒரு பஸ்ஸிலும் ஏற்றியதில்லை. இப்போதுதான் அவள் ஒகேனக்கல்லில் மீன் தின்றாள், ஏற்காட்டில் படகில் ஏறிக் கத்தினாள்.

"நல்லாயிட்டீங்க ஐயா. இனி வீட்லயே இருக்கலாம். சட்டையைக் கழட்டுங்க."

"கொல்லிமலையைப் பாத்துட்டு நல்லாகக் கூடாதா?" என்றாள் செண்பகவல்லி.

"ரூல்ஸ்மா. இன்னியோட சரி."

தங்கமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாக ஒரு நிமிடம் இருந்தது.

"வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க தம்பி. வல்லி, காபி இருக்கா?"

"ஃபிளாஸ்க்ல இருக்கு. மதியத்துக்குத் தயிர்சாதமும் இருக்கு," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"மதியத்துக்கா?" என்று ஜெபராஜ் நிமிர்வதற்குள் இருவரும் வாசலைத் தாண்டியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது.