மறுபடியும் மிக்ஸி

“உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் நான். நாலாவது தடவையா மிதிக்க வெச்சுட்டே.”

மிக்ஸியை ‘டொக்’கென்று மேஜை மேல் வைத்தார் அப்பா. பிரித்துப் போட்டிருந்த இன்னொரு மோட்டாரை ஒதுக்கிவிட்டு மகள் நிமிர்ந்தாள்.

“போன வாரம் நல்லாத்தானேப்பா ஓடிச்சு?”

“உன் கை பட்டுதில்ல, நாலே நாள்ல படுத்துடுச்சு. அதுக்கு முன்னாடி ஃபேன். அதுக்கும் முன்னாடி ரேடியோ. இந்த லட்சணத்துக்குக் கடை வேற.”

மோட்டார் கம்பெனியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் அப்பா. அங்கேயே நாலு பேர் காலைப் பிடித்து அவர் வாங்கிக் கொடுத்த ஆபீஸ் வேலையை, மகள் ஒரே மாதத்தில் உதறிவிட்டு ரிப்பேர் கடை போட்டாள். கடைக்கு மேலேயே தங்க ஒரு அறையும் பிடித்துக்கொண்டாள்.

அதோடு எட்டு மாதம் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகுதான், திட்டுவதற்காவது அப்பா வாயைத் திறந்தார்.

“உங்களுக்குத் தெரியாத மோட்டாரா? நீங்களே பிரிச்சுப் பாத்திருக்கலாமே.”

“கண்ணு மங்கிப் போச்சு. இல்லேன்னா உன்கிட்ட எதுக்கு வந்து நிக்கறேன்?”

அவள் மிக்ஸியைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றினாள். கடுகளவு ஸ்க்ரூ ஒன்று கை தவறித் தரையில் ஓடியது. குனிந்து தேடினாள்.

“அங்க இல்ல. ஸ்டூல் காலுக்குப் பின்னாடி பாரு,” என்றார் அப்பா, நாற்காலியில் சாய்ந்தபடியே.

உள்ளே ஒரே ஒரு ஒயர் விட்டிருந்தது. இரண்டு நிமிட வேலையை அவள் முக்கால் மணி நேரம் இழுத்தாள். அதற்குள் அப்பா இரண்டு டீ குடித்தார். அலமாரி கோணல், போர்டில் எழுத்து கோணல் என்று குறை சொல்லிக்கொண்டே வந்தவர், “நீ போட்டிருக்கற டீயும் கோணல்” என்றதும் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா தன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு மிக்ஸியைத் தூக்கிக் கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மகள் போனை எடுத்தாள்.

“அம்மா, கிளம்பிட்டார். ஏம்மா, ஒயரை உருவினா அப்படியேவா தொங்க விடுவே? நல்லவேளை, அப்பா எட்டிப் பாக்கல.”

“நீ சொன்ன மாதிரிதாண்டி உருவினேன். இனிமே மிக்ஸி வேணாம், சந்தேகம் வந்துடும். அடுத்தது எது?”

“டிவி. ப்ளக்கைப் பிடுங்கிட்டு, பின் மூடியைக் கழட்டு. டிவின்னா பெரிய வேலை, ரெண்டு மணி நேரமாவது அவரை உக்கார வெச்சுடலாம்.”

மறுவாரம், அப்பா நடைப்பயிற்சிக்குக் கிளம்பி வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அம்மா புடவைத் தலைப்பில் மறைத்து வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரோடு டிவிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முதல் ஸ்க்ரூ பாதிதான் கழன்றிருக்கும். ஜன்னலுக்கு வெளியே, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் குரல் நிதானமாக வந்தது.

“டிவி வேணாம், தூக்கிட்டுப் போகக் கனம். இஸ்திரிப் பெட்டியைக் கெடு.”