தறிகளின் இரைச்சலில் ஒரு பேச்சு

தறிகள் இரையும் கூடத்தில் எதுவும் காதில் விழாது; உதட்டைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் பேச்சு. ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசு பொன்னாய்ப் பறக்கிறது. எதிர் வரிசையிலிருந்து, அவள் கட்டிக்கொள்ளப்போகும் மெக்கானிக், ஸ்பேனரைத் துடைத்தபடி, அவளைப் பார்த்து வாயசைக்கிறான்: “கல்யாணம் ஆனதும் வேலைய விட்டுடு. அம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.” வீட்டிலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கி, இந்தக் கூடத்துக்குச் சூப்பர்வைசராக வந்தவள் அவள். நெஞ்சு தறியைவிட வேகமாக அடிக்கிறது. தூசுக்காகக் கட்டிய முகத்துணியை உதடு தெரியுமளவு இறக்குகிறாள். “வேலைய விடமாட்டேன். உன்னத்தான் விடுறேன்.” அவள் சொல்லி முடிப்பதற்குள் வரிசை முழுக்கத் தலைகள் திரும்புகின்றன. கடைசித் தறி அக்கா, ஓடுகிற தறியை நிறுத்தாமலே, “அப்படிப் போடுடி!” என்கிறாள். அவன் முகம் கருத்துப்போகிறது. “வாயச் சின்னதாத் திறடி, எல்லாரும் படிக்கிறாங்க.” அவள் முகத்துணியைக் கழுத்துவரை இறக்குகிறாள். கடைசித் தறிவரை தெரியும்படி வாயை அகலத் திறந்து, மறுபடியும் சொல்கிறாள்.