துணைக் கேப்டனுக்கு ஒரு கப்பல்

“எரிகல் மழைக்குள்ள விட்டா எல்லாரும் செத்துடுவோம் கேப்டன்! காது கேக்குதா இல்லையா?”

“கட்டளை போட்டாச்சு. கப்பலை உள்ள விடுங்க.”

“விட மாட்டேன்!”

துணைக் கேப்டனான அந்த அம்மாள் மேசையை ஓங்கித் தட்டினார். விண்கப்பல் துள்ளிக் குப்புற விழுந்தது. பகடை ஒன்று உருண்டுபோய் நாற்காலிக்கு அடியில் நின்றது.

அட்டையில் ஒட்டிய கப்பல். ஞாயிறு மதியம் மூடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் நடுவில் மேசை போட்டு, அதில் ஆளுக்கொரு பதவி ஏற்று விண்வெளிக் கதை ஆடுகிறார்கள். கடைக்காரர்தான் ஆட்டத்தை நடத்துகிறவர். அதனால் அவர் பெயர் கண்டக்டர்.

இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பதவிதான் பெயர். வீட்டுக் கதையும் ஆபீஸ் கதையும் செருப்போடு வாசலில் நின்றுவிட வேண்டும் என்பது கண்டக்டரின் சட்டம். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவர் இங்கே டாக்டர். சமீபத்தில் சேர்ந்த இளம்பெண் ரேடார்.

ரேடார் வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். கேப்டன் எதைச் சொன்னாலும் துணைக் கேப்டன் மறுப்பார். துணைக் கேப்டன் எதைச் சொன்னாலும் கேப்டன் காதில் வாங்கமாட்டார்.

“யாரையும் ஒரு வார்த்தை கேக்காம முடிவெடுக்கிறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு,” என்றார் துணைக் கேப்டன். “அன்னைக்கும் கேக்காமதானே வித்தீங்க?”

“வித்தது வித்ததுதான். இன்னும் எத்தனை நாளைக்கு அதையே சொல்வீங்க?”

“சாகுற வரைக்கும் சொல்வேன்!”

ரேடார் டாக்டர் பக்கம் சாய்ந்தாள். “எதை வித்தாரு? கப்பல்ல எல்லாம் அப்படியேதானே இருக்கு?”

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் கண்டக்டர் அவசரமாகக் குனிந்து பகடையை எடுத்து உருட்டினார். “கேப்டன் பேச்சுப்படி கப்பல் உள்ள போகுது... போச்சு. இன்ஜின் காலி.”

“சொன்னேனா இல்லையா?” என்று துணைக் கேப்டன் எழுந்தார்.

“உக்காருங்க. இந்தக் கப்பலுக்கு நான்தான் கேப்டன்.”

ரேடாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவள் பிழையைச் சுட்டிக்காட்டினால், ‘உன் வேலையைப் பாரு’ என்பார். வாரம் முழுக்க அது போதாதா, ஞாயிற்றுக்கிழமையுமா?

“கண்டக்டர் சார், ஒரு நியாயம் வேணும்,” என்றாள். “அஞ்சு நட்சத்திரம் வாங்கினா தனிக் கப்பல்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்க சட்டையில எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.”

துணைக் கேப்டன் ஆட்டத்துக்காக மாட்டியிருந்த சட்டையின் காலரில் ஐந்து காகித நட்சத்திரங்கள் ஒட்டியிருந்தன. ஐந்தாவது, நாள்பட்டு ஓரம் சுருண்டிருந்தது.

“அடுத்த மாசம் பாக்கலாம்மா,” என்றார் கண்டக்டர். “ஒரு மேசைக்கு ஒரு கேப்டன்தான். தனிக் கப்பல் கொடுத்தா அவங்க புதன்கிழமை ஆடுற இன்னொரு கூட்டத்துக்குப் போகணும்.”

“போகட்டுமே! அங்கயாவது மரியாதையா இருப்பாங்க. பொம்பளைன்னுதானே இழுத்தடிக்கிறீங்க?”

கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி, ஓட்டுப் போடலாம்,” என்றார். “அவங்களுக்குக் கப்பல் கொடுக்கணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க.”

ரேடார் கையைத் தூக்கினாள். டாக்டரும் தூக்கினார்.

“வேணாம்ங்கிறவங்க?”

கேப்டனின் கை விருட்டென்று மேலே போனது. கண்டக்டரின் கை தயங்கித் தயங்கி எழுந்தது. ரேடார் இரண்டையும் முறைத்துவிட்டுத் திரும்பினாள்.

துணைக் கேப்டனின் கையும் மேலே இருந்தது.

“உங்களுக்காகத்தானேம்மா தொண்டை கிழியக் கத்துறேன்!” ரேடாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. “உங்களுக்குக் கோபமே வராதா?”

“ஏன் வராது? இவர் மேல இருக்கிற கோபத்தை அங்க போய் யார்கிட்ட காட்டுறது?”

“அடுத்த வாரம் காட்டுங்க, பாக்கறேன்,” என்றார் கேப்டன்.

“காட்டத்தான் போறேன்!”

ஆட்டம் கலைந்து இருவரும் வெளியே போனார்கள். ரேடார் பகடைகளை டப்பாவில் போட்ட வேகத்தில் ஒன்று தெறித்து விழுந்தது. டாக்டர் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

“நான் இனிமே வரல சார்,” என்றாள், வெளியே வந்து கண்டக்டரோடு ஷட்டரை இழுத்துக்கொண்டே. “திட்டு வாங்கவே ஒருத்தங்க வாரா வாரம் வர்றாங்க. அதை உக்காந்து வேடிக்கை பாக்க என்னால முடியாது.”

கண்டக்டர் எதிர்ப்புறம் பார்த்தார். அங்கே கேப்டன் பழைய ஸ்கூட்டர் ஒன்றை உதைத்துக்கொண்டிருந்தார். வண்டி உறுமியது. துணைக் கேப்டன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவர் நேரே பார்த்தார், இவர் பக்கவாட்டில் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. வண்டி கிளம்பித் திருப்பத்தில் மறைந்தது.

“என்ன சார் இது, ஒரே வண்டியில போறாங்க?”

“புருஷன் பொண்டாட்டி வேற எப்படிம்மா போவாங்க?”

ரேடார் பிடித்திருந்த ஷட்டர் பாதியில் நின்றது. “அப்ப... வீட்டுக்குப் போயும் இதே சண்டைதானா?”

கண்டக்டர் மிச்ச ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“அவங்க நகையை வித்த நாள்லேர்ந்து வீட்டுல பேச்சே கிடையாதும்மா.”