நீங்களா, அதுவா

சுட்டுவிரல் எழுந்தது.

ஒரு நெல் உயரம் இருக்கும். மறுபடி படுத்துக்கொண்டது.

"பாத்தியாம்மா? காலையிலயும் இப்படித்தான்," என்றாள் மனைவி. பால்காரரிலிருந்து மாடி வீடு வரைக்கும் அவள் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். வலது கையில் முதன்முதலாக அசைந்தது அந்த விரல்தான்.

பிசியோதெரபி செய்ய வரும் பெனிட்டா அவசரப்பட்டுச் சிரித்துவிடவில்லை. ஃபைலைத் திறந்தாள்.

"நீங்க அசைச்சீங்களா அங்கிள், இல்ல அதுவா துடிச்சுதா? நீங்கதான்னா திங்கக்கிழமையே கைக்குப் பயிற்சி ஆரம்பிச்சிடலாம்."

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன நேர்மை.

"தெரியலையே," என்றார்.

"சரி. உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ அசைங்க."

தோன்ற வேண்டுமாம்.

எழு என்றார் மனதுக்குள். விரல் எருமை மாதிரி கிடந்தது.

ஐம்பத்து நான்கு வருடமாகப் பொத்தான் போட்டிருக்கிறார், சொடக்குப் போட்டிருக்கிறார், தோசையைப் பிய்த்திருக்கிறார். ஒரு நாளும் விரலுக்கு உத்தரவு கொடுத்த ஞாபகம் இல்லை. அப்போதெல்லாம் யார் கொடுத்தார்கள்?

இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அது அவருக்குப் பிடித்திருந்தது. ஏழு வாரமாக எந்தச் சட்டை, என்ன சாப்பாடு, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது, எல்லாம் அடுத்தவர் முடிவு. இன்றைக்குத்தான் அவருடைய விருப்பத்துக்காக இரண்டு பேர் நிற்கிறார்கள்.

விரல் எழுந்தது.

எழுந்த பிறகுதான், நான்தான் எழுப்பினேன் என்று தோன்றியது. எது முந்தியது என்று அவருக்கே விளங்கவில்லை.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெனிட்டா பேனாவை எடுத்தாள். எழுதாமல் நிறுத்தினாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை அங்கிள். நான் சொன்னதும்."

அவர் தலையாட்டினார்.

"அசைங்க."

உள்ளே எங்கேயோ ஏதோ கிளம்பியது. தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, விரலின் அடி வரைக்கும் வந்தது.

வேண்டாம் என்றார் மனதுக்குள்.

நின்றுவிட்டது.

"அசைங்க அங்கிள்."

மறுபடி வந்தது. மறுபடி நிறுத்தினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாட்டேன்."

"ஐயோ, அசைச்சுத் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

"மாட்டேன்டி."

அவள் முறைத்தாள். ஏழு வாரமாக எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்ட மனிதர். அழுகையும் சிரிப்புமாகப் பெனிட்டாவின் பக்கம் திரும்பினாள்.

"பழைய திமிர் வந்துருச்சு. அதை எழுதிக்கம்மா."