வாய் தவறிப்போன மருந்து

"பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடியே மாநாட்டு மேடையில மருந்து செய்முறையைப் புட்டுப் புட்டு வெச்சிட்டீங்களேம்மா! ஊரே தெரிஞ்சுக்கிட்டதுக்கு எவன் உரிமை குடுப்பான்?" கம்பெனி வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மருந்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "வாய் தவறிடுச்சு சார். மீட்க வழியே இல்லையா?"

"இருங்க, ஒரு சட்டப்பிரிவு இருக்கு." வக்கீல் புத்தகத்தைப் புரட்டினார்.

அவர் விரல் ஓடிய வரிகளையே அவள் உற்றுப் பார்த்தாள்.

"ம்ஹூம், இதுக்குப் பொருந்தாது. பேட்டன்ட் நமக்கும் கிடைக்காது, வேற எவனுக்கும் கிடைக்காது. இனி யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம்."

வெளியே வந்தவள், அரசு மருந்து ஆலையில் வேலை பார்க்கும் அக்காவை போனில் அழைத்தாள்.

"அக்கா, நான் வேணும்னேதான் உளறினேன்னு யாரும் கண்டுபிடிக்கல. உங்க ஆலையில மலிவு விலைக்கு மருந்து செய்ய ஆரம்பிச்சிடுங்க. தடுக்க ஒரு வழியும் இல்லையாம்!"